மெத்தை வாடகைக்கு

அத்தியாயம் ஏழு

மனித குலத்தின் வரலாறு என்பது, ஆழ்ந்து நோக்கினால், ஒரு நல்ல தூக்கத்தைத் தேடி மனிதன் நடந்த நெடும்பயணமே. அவன் குகைக்குள் புகுந்ததும், மரத்தை வெட்டியதும், சுவர் எழுப்பியதும், போர் தொடுத்ததும், பிறகு அசந்துபோய்ச் சமாதானம் பேசியதும் எல்லாம் கடைசியில் காலை நீட்டிப் படுப்பதற்காகத்தான்.

இதைச் சொன்னவர் தத்துவ ஞானி அல்ல. நம் மெத்தைக் கடைக்காரர். அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் இது பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் 'தூக்க ஆலோசகர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கார்டைச் சொந்தச் செலவில் அவரே அடித்துக்கொண்டார். கடை முதலாளி அவரைக் கூப்பிடுவது 'யோவ் மெத்தை' என்றுதான்.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு ஆலோசகர் வீட்டு நிலவரம் தெரியும். இந்த வாரம் மட்டும் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

தூக்க ஆலோசகர் வீட்டில் தூக்கம் கிடையாது. அவர்கள் குடியிருப்பது ஒரு தகரப் பட்டறைக்கு மேலே. காலையில் தட்ட ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை தட்டு தட்டென்று தட்டுவார்கள். ஆலோசகர் கடைக்குப் போய்விடுவார். அவருடைய தங்கை பஸ் கண்டக்டர், அவளும் கிளம்பிவிடுவாள். மாட்டிக்கொள்வது அவர் மனைவி. அவள் நர்ஸ். நிரந்தரமாக இரவு டியூட்டி. ஊரே எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் படுக்க வேண்டியவள்.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். தலையில் துண்டு கட்டிப் பார்த்தாள். பட்டறைக்காரரிடம் போய் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். அவரும் நல்லவர். "மெதுவா தட்டினா தகரம் வளையாதேம்மா" என்று வருத்தப்பட்டார்.

போன மாதம் ஒரு விடியற்காலை, ஏழாம் படுக்கைக்காரரின் மாத்திரையை எட்டாம் படுக்கைக்காரரிடம் நீட்டிவிட்டாள். "எனக்கு மஞ்ச மாத்திரையாச்சேம்மா, இது வெள்ளையா இருக்கே" என்று அவர் சொன்னதால் பிழைத்தது. யாருக்கும் தெரியாது. நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் அந்த வார்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். என்னை நம்பித்தான அவங்க கண்ணை மூடறாங்க."

அந்த வேலையை அவள் உயிராக நினைப்பவள். அதனால்தான் கண்டக்டர் அதற்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டர் பதில் சொல்லாமல் இருந்தது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

பிறகுதான் அந்தப் போர்டு வந்தது.

ஒரு சந்தில், பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில், 'மெத்தை வாடகைக்கு விடப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்ததும் ஆலோசகருக்கு ரத்தம் கொதித்தது. தொழில் தர்மம் என்று ஒன்று இல்லையா. நேரே உள்ளே போய்க் கதவைத் தட்டினார்.

"மெத்தையை வாடகைக்கு விடறது உடம்புக்குக் கேடு சார்."

"ஏன்? மூணு பக்கமும் ஜன்னல் இருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"இதுக்கு முன்னாடி அதுல யார் யாரெல்லாம் படுத்திருந்தாங்க, தெரியுமா?"

"ரெண்டு குடும்பம். ரொம்ப மரியாதையானவங்க."

"ஒரே மெத்தையிலயா?"

"ஒருத்தர் காலி பண்ணினப்புறம்தான் இன்னொருத்தர்."

மாடிக்கு மெத்தை என்று ஒரு பேர் உண்டு என்பதும், வீட்டுக்காரர் அந்தக் காலத்து மனிதர் என்பதும் ஆலோசகருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. உறைத்தபின் அவர் வெட்கப்படவில்லை. மாடியைப் பார்த்தார். வாடகை கேட்டார். அது கையைக் கடிக்கிற வாடகை இல்லை. கையில் முத்தம் கொடுக்கிற வாடகையும் இல்லை. நடுவாந்தரம். பட்டறை இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. வாசல் வரை ஆட்டோ கூட வராத சந்து.

வீடு பிடித்துவிட்டது. வீட்டுக்காரருக்குத்தான் இவர்களைப் பிடிக்க வேண்டும். இன்றைக்கு அதற்கான நாள்.

*

வீட்டுக்காரரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் தலைவர் என்பார்கள். கட்டடத்துக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மொத்தம் ஆறு வீடு. அதில் இரண்டு அவருடையவை. மற்றதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் இருப்பவருக்குச் சங்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மிச்சம் இருப்பவர்கள் ஏகமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் மாடிப்படியில் இறங்குவதுகூட மேடையிலிருந்து இறங்குவது போலத்தான்.

"அதாவது," என்றார் தலைவர். எதற்கும் அவர் 'அதாவது' என்றுதான் ஆரம்பிப்பார், ஏதோ பெரிதாகச் சொல்லி முடித்துவிட்டு இப்போது விளக்கம் தருகிற மாதிரி. "இந்தக் கட்டடத்தோட மூலதனமே அமைதிதான். நான் கீழே போய் என் கட்டில்ல படுத்துக்குவேன். நீங்க மூணு பேரும் மேலே, உங்க வீட்டுல எப்படி நடப்பீங்களோ அப்படி நடக்கணும். கூடம், சமையலறை, ரெண்டு படுக்கையறை. ஒரு அடிச் சத்தம் என் காதுல விழுந்தாலும், மன்னிக்கணும், சாவி என் பையிலயே இருக்கும்."

"நியாயமான நிபந்தனை" என்றார் ஆலோசகர்.

"நிபந்தனை இல்ல. கொள்கை."

"ஏன் சார், முன்னாடி குடியிருந்தவங்க எல்லாம் பறந்துக்கிட்டா இருந்தாங்க?" என்று கேட்டாள் கண்டக்டர். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். ஆனால் முன்வாசலில் நின்று பின்வாசலில் இருப்பவரிடம் டிக்கெட் கேட்டுப் பழகிய குரல். எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"தங்கச்சி கொஞ்சம் சத்தமா பேசுவாங்களோ?" என்றார் தலைவர்.

"வேலைல மட்டும்தான் சார். வீட்டுல வாயே திறக்க மாட்டா."

கண்டக்டர் அண்ணனைப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிற பார்வை அது.

"மூணு குடும்பம் வந்தாச்சு. மூணும் தேறலை," என்றார் தலைவர். "திங்கக்கிழமை ஒரு பேங்க் குடும்பம் வருது. அவங்க நடை நல்ல நடைன்னு கேள்வி."

நர்ஸ் இதில் எதையும் கேட்கவில்லை. டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். நின்றபடியே கண் மூடி, கண் திறந்து, மறுபடி மூடி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசனை அவள் மேல் லேசாக வந்தது.

தலைவர் கதவைத் திறந்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

ஆலோசகர் பையிலிருந்து மூன்று ஜோடி புத்தம்புதுக் காலுறைகளை எடுத்தார். கனமான கம்பளிக் காலுறைகள்.

"இது எதுக்கு?" என்றாள் கண்டக்டர்.

"போட்டுக்கோ. முதல்ல விரல், அப்புறம்தான் குதிகால். ராத்திரி சொல்லிக் குடுத்தேனே."

"வீட்டுல எப்படி நடப்போமோ அப்படித்தான நடக்கச் சொன்னாரு?"

"வீட்டுல நடக்கற மாதிரி நடந்தா வீடு எப்படிக் கிடைக்கும்?"

*

காலி வீட்டுக்குள் வெளிச்சம் மட்டும் குடியிருந்தது.

அது தரையில் சாவகாசமாகப் படுத்திருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு பாய் அளவு வெளிச்சம். சமையலறைப் பக்கத்தில் ஏதோ ஒரு மரம் ஜன்னல்வரை வளர்ந்து வந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இலைகளின் நிழல் தரையில் மீன்குஞ்சுகள் மாதிரி கூடிக் கூடிக் கலைந்தது. நர்ஸ் காலுறை போட மறந்து, வெறுங்காலோடு அந்த மீன்களுக்கு நடுவில் நடந்துபோனாள். தரை குளிர்ந்திருந்தது. ஒரு மீன்கூட நகரவில்லை.

சுவரில் வெளிறிய சதுரங்கள் இருந்தன. போனவர்கள் மாட்டியிருந்த படங்களின் இடம். பெரிய சதுரம் ஒன்று, அதன் பக்கத்தில் சின்னதாக ஒன்று, கொஞ்சம் கோணலாக. அந்தக் கோணல் அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே எதையும் மாட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். அலமாரி இந்தப் பக்கம். ஸ்டூல் அந்தப் பக்கம். நாத்தனார் தொப்பியை மாட்ட ஒரு ஆணி. நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி.

பின்பக்கத்துப் படுக்கையறைக்கு வந்தாள்.

காது அடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கொண்டை ஊசியை எடுத்துத் தரையில் போட்டுப் பார்த்தாள். டிங் என்றது. காது சரியாகத்தான் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

பட்டறைச் சத்தம் இத்தனை வருஷமாக ஒரு காசு வாடகை தராமல் அவள் மண்டைக்குள் குடியிருந்தது. இப்போது அது தன் சுத்தியலையும் தகரத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கிப் போவது அவளுக்குத் தெரிந்தது. கடைசிப் படியில் நின்று ஒரு தட்டுத் தட்டியது. பிறகு அதுவும் இல்லை.

தோளில் இருந்த சால்வையை எடுத்தாள். வீட்டில் போர்வையை மடிக்கிற அதே கை, யோசிக்காமல் அதை நாலாக மடித்தது.

"ஒரே ஒரு நிமிஷம்" என்றாள் சுவரிடம்.

சுவர் ஆட்சேபிக்கவில்லை.

*

கூடத்தில் அண்ணனும் தங்கையும் நடந்துகொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் காலை அகட்டி வைத்து, திருப்பத்தில் சாய்ந்து, நிறுத்தம் வந்தால் கம்பியைப் பிடிக்கிற மாதிரி காற்றைப் பிடித்து நடந்தாள். ஓடுகிற பஸ்ஸில் நடந்த கால்களுக்கு நிற்கிற வீடு ஒரு பொருட்டா. சத்தமே இல்லை. ஆலோசகர்தான் விரல், குதிகால், விரல், குதிகால் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். அவர் அடி சத்தம் போடவில்லை. முழங்கால் போட்டது. ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் யாரோ முறுக்கை ஒடிக்கிற மாதிரி 'டொக்' என்றது.

"அண்ணா, முட்டியைக் கழட்டி வெச்சுட்டு நட" என்று கிசுகிசுத்தாள்.

"பேசாதே."

"அண்ணி எங்க?"

"பின் ரூம்ல நடக்கறா."

"சத்தமே கேக்கலையே."

"அதான் நடை. பார்த்துக் கத்துக்கோ."

இன்னும் இரண்டு சுற்று வந்தார்கள். கண்டக்டருக்குத் தாங்கவில்லை. போய் எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

நர்ஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை கன்னத்துக்கு அடியில். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கால்மாட்டில் ஜன்னல் வெளிச்சம் வந்து, எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றிருந்தது.

"இந்தாம்மா," என்றார் ஆலோசகர், காற்றே வராத குரலில். "இந்தா. நடக்கணும்ம்மா."

நர்ஸ் புரளக்கூட இல்லை.

"விசில் அடிக்கட்டா?" கண்டக்டரின் கை சட்டைப் பைக்குப் போனது.

"ஐயோ, சும்மா இரு."

இன்னொரு தடவை கூப்பிடத்தான் குனிந்தார். கூப்பிடவில்லை. அவர் கடையில் ஒரு பெரிய போஸ்டர் உண்டு. வெள்ளை விரிப்பில் ஒரு பெண் புன்னகையோடு தூங்குவாள். 'இதுதான் சார் தூக்கம்' என்று தினம் அதைக் காட்டித்தான் அவர் பேச்சை ஆரம்பிப்பார். அந்தப் பெண் நடிக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. தூங்குகிற முகத்தில் புன்னகை இருக்காது. ஒன்றுமே இருக்காது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் இது. நடுவில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"எழுப்ப வேணாம்ண்ணா," என்றாள் கண்டக்டர். இந்தத் தடவை நிஜமாகவே மெதுவாகச் சொன்னாள். "வீடு போனாப் போகுது. இது ஒரு தூக்கமாவது கிடைக்கட்டும். அவர் வந்தா நான் பேசிக்கறேன்."

"நீ பேசினா இந்த வீடு மட்டுமில்ல, இந்தத் தெருவே கிடைக்காது."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

*

"அதாவது," என்றபடி தலைவர் கூடத்துக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். "தீர்ப்பைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. உங்க நடை, ஆலோசகர் சார், பரவாயில்லை. தங்கச்சி நடை நான் எதிர்பார்த்ததைவிட மென்மை. ஆனா அந்த மூணாவது நடை, உங்க மனைவியோடது, மன்னிக்கணும், கொஞ்சம் அழுத்தம். என் தலைக்கு நேர் மேல, டம் டம்னு. அதை நான் எப்படித் தாங்குவேன்?"

ஆலோசகர் பின் அறைப் பக்கம் நகர்ந்து நின்றார்.

"எங்க அண்ணி நடையா சார்?" என்றாள் கண்டக்டர். "வாங்க, எப்படி நடக்கறாங்கன்னு காட்டறேன்."

தலைவரைப் பின் அறை வாசல்வரை அழைத்துக்கொண்டு போனாள்.

தலைவர் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்து முன்னால் வந்தன.

"எப்பலேருந்து?"

"நீங்க கீழ போய்ப் படுத்ததுலேருந்து."

"இது ஒரு செய்முறை விளக்கம் சார்," என்று ஆலோசகர் குறுக்கே புகுந்தார். "அதாவது, நடக்கறதைவிட அமைதியான நிலை..."

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. தன்னுடைய 'அதாவது' திருடு போனதைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நர்ஸின் முதுகை. அது மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. கரையில் நின்று படகைப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"வெறும் தரையில" என்றார்.

"வெறும் தரைதான் சார்."

"பட்டப்பகல்ல."

"ஆமா சார்."

"நான் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" மேடைக் குரல் எங்கோ போய்விட்டது. மிஞ்சியது ஒரு வயதானவரின் சாதாரணக் குரல். "சங்கத் தலைவரா ஆன நாள்லேருந்து கண்ணை மூடினா தண்ணி மோட்டார் ஞாபகம் வருது. ஆஃப் பண்ணினேனா, இல்லையா. எழுந்து போய்ப் பார்த்தா ஆஃப்லதான் இருக்கு. வந்து படுத்தா, ஆஃப் பண்ணினது மோட்டாரையா, படிக்கட்டு லைட்டையா. மூணு குடும்பத்தையும் திருப்பி அனுப்பினேனே, அவங்க நடந்ததுனாலயா? எனக்குத் தூக்கம் வரலை. யார் மேலயாவது பழி போட வேண்டாமா."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க தூக்க ஆலோசகர்தான? ஏதாவது சொல்லுங்களேன்."

இத்தனை வருஷத்தில் அவரை இப்படி ஒருவர் கேட்டதே இல்லை. 'தள்ளுபடி எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள். ஆலோசகர் சம்மணமிட்டு எதிரில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டு தடவை டொக்கியது. குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணை மூடிக்குங்க சார். உங்க முதுகெலும்பு ஒரு நூல்னு நெனச்சுக்குங்க. நாள் பூரா யாரோ அதை இழுத்துப் பிடிச்சிருக்காங்க. இப்ப விட்டுட்டாங்க. இடுப்புல ஒரு சுருள். தோள்ல ஒரு சுருள். உங்களுக்குக் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே நார். நாருக்குக் கீழே சுருள் கம்பி, ஒண்ணு மேல ஒண்ணு படாம, பக்கத்துல ஆள் புரண்டாலும் உங்களுக்குத் தெரியாது..."

இது அவர் கடையில் பேசும் பேச்சேதான். இதைக் கேட்டு வாடிக்கையாளர்கள் அங்கேயே தூங்கியதுண்டு. தூங்கி எழுந்து, தெளிவாக, மெத்தை வாங்காமல் வீட்டுக்குப் போனதும் உண்டு. முதலாளிக்கு அவரைப் பிடிக்காததற்கு அதுதான் காரணம்.

நாருக்கும் சுருள் கம்பிக்கும் நடுவில் எங்கோ தலைவர் போய்விட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கைப்பிடிக்குள் சாவி இருந்தது.

"அண்ணா," என்று கண்டக்டர் உதட்டை மட்டும் அசைத்தாள். "சாவி."

"தொடாதே."

அப்போது தலைவரின் மனைவி வந்தார். கையில் தண்ணீர்ச் செம்பு. "ஏங்க, மோட்டார்..." என்று ஆரம்பித்தவர், அறையைப் பார்த்ததும் நிறுத்தினார். செம்பைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"தூங்கறாரா?"

"தூங்கறாரும்மா," என்றார் ஆலோசகர்.

"எழுப்பிடாதீங்க. புண்ணியமாப் போகும்." கிட்டே வந்து கணவரைக் குனிந்து பார்த்தார். "இவர் உங்களை நடக்கச் சொல்லி ஆட்டங்காட்டியிருப்பாரே. சத்தம் கேட்டுச்சுன்னாரா?"

"டம் டம்னு கேட்டுதாம்" என்றாள் கண்டக்டர்.

"இவருக்கு இடது காது கேக்காது. கேக்கற காதைத் தலகாணியில வெச்சுத்தான் படுப்பாரு."

சொல்லிவிட்டு அவரும் கணவர் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். சும்மா உட்காரத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் கணவர் தோளில் சாய்ந்தது.

அதன்பின் அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு இப்படி ஒரு பகுதி பிடிக்காது. ஏதாவது நடக்கட்டுமே என்பார். நான் என்ன செய்வது, நடக்கவில்லை. மரத்து நிழல் சமையலறையிலிருந்து கிளம்பிக் கூடத்துக்கு வந்தது. மீன்கள் வாசற்படி தாண்டிப் பின் அறைக்குள் நுழைந்தன. நர்ஸின் கனவில் வார்டுக் கட்டில்கள் கயிறு அவிழ்த்த படகுகளாக ஒவ்வொன்றாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. எட்டாம் படுக்கைக்காரர் மஞ்சள் மாத்திரையைத் தூக்கிக் காட்டி, "சரியா இருக்கும்மா" என்று தலையாட்டினார். பட்டறைக்காரர் கரையில் நின்று தன் சுத்தியலுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தார். கண்டக்டர் வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகவாயை ஊன்றி, எந்த நிறுத்தத்திலும் நிற்காத ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

விழித்திருந்தவர் ஆலோசகர் ஒருவர்தான். சுற்றிலும் நாலு பேர் தூங்க, நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் இத்தனை பெரிய வெற்றியைக் கண்டதில்லை. யாராவது விழித்து அதைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

*

தலைவர்தான் முதலில் எழுந்தார். இடம் புரியாமல் கூரையைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதாவது, கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"யோசிச்சதுல வாயோரம் வழிஞ்சிருக்கு, துடைச்சுக்குங்க" என்றார் மனைவி, கண் திறக்காமலே.

தலைவர் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்றார். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தார். மேடை திரும்பக் கிடைத்துவிட்டது.

"ஆலோசகர் சார், வீடு உங்களுக்குத்தான்னு மனசு சொல்லுது. பேங்க் குடும்பத்துக்கு வேற சொல்லிக்கலாம். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க சார்."

"சங்கத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். நடையைப் பார்த்துட்டேன். தூக்கத்தையும் பார்த்துட்டேன். வெறும் தரையிலயே இவங்க இப்படித் தூங்கறாங்கன்னா, வீட்டுல நீங்க எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பண்ணி வெச்சிருப்பீங்க. அதை நான் என் கண்ணால பார்க்கணும். என் மெத்தையை நீங்க பார்த்தீங்க. உங்க மெத்தையை நான் பார்க்க வேண்டாமா?" தன் சிலேடையைத் தானே ரசித்து, கை தட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை காலைல உங்க வீட்டுக்கு வரேன். நீங்க ரெண்டு பேரும் படுக்கற மெத்தையில ஒரு பத்து நிமிஷம் படுத்துப் பார்க்கறேன். எழுந்ததும் சாவி உங்க கையில. அங்கேயே. அப்படி ஒண்ணும் விசேஷமா இல்லைன்னா, திங்கக்கிழமை பேங்க்."

கண்டக்டர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நிறுத்து, இறங்கு, இறங்கு என்று சொன்னாள்.

ஆலோசகர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவர் இன்னும் வெற்றியிலிருந்து இறங்கவில்லை.

"தாராளமா வாங்க சார்," என்றார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். "முகவரி இதுல இருக்கு. பின்பக்கமும் படிச்சுப் பாருங்க. படுத்துப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். மெத்தை பேசும்."

தலைவர் கார்டை இரண்டு பக்கமும் பார்த்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, பையில் வைத்துக்கொண்டார்.

நர்ஸை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அவளாகவே எழுந்தாள். நாலாக மடித்த சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் சால்வையின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. கண்கள் கழுவிவைத்த மாதிரி இருந்தன. ஜன்னலருகே போய், அந்த மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

படியிறங்கும்போது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடிப்பவள் அல்ல.

"என்னங்க, கிடைச்சுதா?"

"கிடைச்ச மாதிரிதான்."

"எனக்குத் தெரியும்," என்றாள். "அந்தப் பின் ரூம்லயே போட்டுக்கலாம் படுக்கையை. ஜன்னல் பக்கம் தலை வெச்சு."

கண்டக்டர் இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சந்து முனை வந்ததும் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை அவரை எதுல படுக்க வைக்கப் போற?"

ஆலோசகர் நின்றார். இப்போதுதான் இறங்கினார்.

அவர்கள் வீட்டில் மெத்தை கிடையாது.